ஹைபோதலாமஸின் நரம்புப் பாதைகளைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். அதில் ஹைபோதலாமஸின் பங்கு சுமார் 4 கிராம்தான். உடல் வெப்பம், பசி, தாகம், தூக்கம், இரத்த அழுத்தம், ஹார்மோன் சுரப்பு, இனப்பெருக்கம் என்று உயிர் வாழ வேண்டிய அத்தனை வேலைகளிலும் இந்த 4 கிராமுக்குக் கை உண்டு. ஆனால் தனியாக இருந்து அது எதையும் சாதிக்க முடியாது. வெளியே இரவா பகலா, உடலுக்குள் உப்பு கூடியிருக்கிறதா, வயிறு நிறைந்திருக்கிறதா என்பதையெல்லாம் மற்ற பகுதிகள் வந்து சொல்ல வேண்டும். முடிவெடுத்த பிறகு இதயத்துக்கும் வியர்வைச் சுரப்பிக்கும், மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பிக்கும் அதை எடுத்துச்செல்ல ஒரு வழி வேண்டும். ஆகவே ஹைபோதலாமஸைப் படிப்பதில் பெரும்பகுதி அதன் தொடர்புகளைப் படிப்பதுதான்.

மருத்துவம், செவிலியம், உயிரியல், உளவியல் என எந்தப் படிப்பின் வழியாக இங்கே வந்தாலும் முதலில் கைக்குக் கிடைப்பது ஒரு நீண்ட அட்டவணை. ஒரு பக்கம் பாதையின் பெயர், மறுபக்கம் அது தொடங்கும் இடமும் முடியும் இடமும். இதை மனப்பாடம் செய்தால் தேர்வு வரை நிற்கும், அப்புறம் நிற்காது. நான் பரிந்துரைப்பது வேறு வழி. ஒவ்வொரு பாதையையும் அது செய்யும் வேலையோடு சேர்த்து வரையுங்கள். வரைந்தபின் அதை மனத்துக்குள் வெட்டிப் பாருங்கள். வெட்டினால் உடலில் என்ன மாறும் என்று சொல்ல முடிகிறதா? அப்படியானால் அந்தப் பாதை உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

வேண்டியவை ஒரு பெரிய வெள்ளைத் தாள், பென்சில், மூன்று நிறப் பேனாக்கள். ஹைபோதலாமஸுக்குள் வருவதற்கு நீலம், வெளியே போவதற்குச் சிவப்பு, இருபுறமும் ஓடுவதற்குப் பச்சை.

முதலில் இடத்தைக் குறியுங்கள்

மூளையை நெற்றியின் நடுவிலிருந்து பின்னந்தலை வரை நேராகப் பிளந்தால் தெரியும் உட்பக்கத்தை வரைந்துகொள்ளுங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை. நடுவில் மூன்றாம் மூளையறை இருக்கும். திரவம் நிறைந்த குறுகலான பிளவு அது. அதன் பக்கச் சுவரின் மேல்பாதி தலாமஸ். கீழ்ப்பாதியும் தரையும் ஹைபோதலாமஸ். இரண்டுக்கும் நடுவே ஆழமில்லாத ஒரு பள்ளக்கோடு ஓடும்.

இப்போது மூன்று அடையாளங்களைப் போடுங்கள். முன்னால், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் பார்வை நரம்புச் சந்திப்பு. அதற்குப் பின்னால், தரையிலிருந்து கீழே இறங்கும் பிட்யூட்டரிக் காம்பு. கடைசியில், மூளையை அடியிலிருந்து பார்த்தால் ஜோடி மணிகள்போல் தெரியும் மாமில்லரி உடலங்கள். எம்ஆர்ஐ படத்தில் இந்த மூன்றையும் கண்ணால் காணலாம். நுண்ணிய விவரங்கள் எவ்வளவு சேர்ந்தாலும் இந்த மூன்றை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கப்போகிறீர்கள். அதனால் இங்கே அவசரப்படாதீர்கள்.

பிறகு சில நியூக்ளியஸ்கள், எல்லாம் வேண்டாம்

ஹைபோதலாமஸ் பல நியூரான் திரள்களால் ஆனது. ஒவ்வொரு திரளையும் நியூக்ளியஸ் என்கிறார்கள். முதல் சுற்றில் ஏழெட்டு போதும். முன்னால் பிரிஆப்டிக் பகுதி. பார்வை நரம்புச் சந்திப்புக்கு நேர் மேலே சுப்ராகயாஸ்மாட்டிக். அதற்குச் சற்றுப் பக்கவாட்டில் சுப்ராஆப்டிக். மேலே, மூளையறைச் சுவரை ஒட்டி, பாராவென்ட்ரிக்குலர். கீழே, பிட்யூட்டரிக் காம்பின் அருகில் ஆர்க்குவேட். அதற்கு மேலே வென்ட்ரோமீடியல், அதன் தலைமேல் டார்சோமீடியல். பின்னால் மாமில்லரி உடலமும், அதை ஒட்டிய ட்யூபரோமாமில்லரியும்.

இவற்றைத் தவிர, பக்கவாட்டில் முன்னும் பின்னும் நீண்டு கிடக்கும் பக்க ஹைபோதலாமஸ் ஒன்று உண்டு. நடுப்பகுதியையும் பக்கப்பகுதியையும் பிரித்துக் காட்டுவது ஃபோர்னிக்ஸ் என்ற தடித்த நரம்புக் கற்றை. அது ஹைபோதலாமஸின் ஊடாகவே இறங்குகிறது. நடுப்பகுதியில் திரள்கள் தெளிவாகத் தெரியும். பக்கப்பகுதியில் நியூரான்கள் சிதறிக் கிடக்க, அவற்றின் நடுவே நீண்ட இழைகள் ஏராளமாகக் கடந்துபோகும். இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். ஆராய்ச்சியாளர்களையே நெடுங்காலம் குழப்பிய ஒரு சிக்கல் இதிலிருந்துதான் வந்தது; பின்னால் அதற்கு வருகிறேன்.

ஒவ்வொரு பாதையிடமும் நான்கு கேள்விகள்

எங்கிருந்து புறப்படுகிறது? என்ன செய்தியைக் கொண்டுபோகிறது? எங்கே முடிகிறது? அறுந்தால் என்ன ஆகும்? நான்காவது கேள்விக்கு விடை தெரியாமல் அடுத்த பாதைக்குப் போகாதீர்கள். மெதுவாகத்தான் நகர்வீர்கள், பரவாயில்லை.

முதல் பாதை: கண்ணிலிருந்து

தொடங்குவதற்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியவில்லை. தொடக்கமும் முடிவும் தெளிவு, வேலையும் தெளிவு.

விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் நியூரான்களில் மிகச் சிறு பங்கு மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்டிருக்கிறது. இவற்றால் வெளிச்சத்தைத் தாங்களாகவே உணர முடியும். உருவங்களைப் பார்ப்பது இவற்றின் முதன்மை வேலையில்லை. சுற்றிலும் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் வேலை. இவற்றின் இழைகள் பார்வை நரம்பு வழியாக வந்து, சந்திப்புக்கு மேலே இருக்கும் சுப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸில் முடிகின்றன. நீலப் பேனாவால் வரையுங்கள். பெயர் விழித்திரை–ஹைபோதலாமஸ் பாதை. இந்தப் பாதை 1972 இல் உறுதியாகக் காட்டப்பட்டது. அதே ஆண்டில், எலிகளில் சுப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸை அழித்தால் நாளொழுங்கு குலைந்துபோகிறது என்பதையும் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. மெலனாப்சின் பற்றிய புரிதல் வந்ததோ 1998 க்குப் பிறகு.

இனி சிவப்புப் பேனா. சுப்ராகயாஸ்மாட்டிக்கிலிருந்து பாராவென்ட்ரிக்குலருக்கு ஒரு கோடு. அங்கிருந்து மூளைத்தண்டு வழியாகக் கீழே இறங்கித் தண்டுவடத்தின் மார்புப் பகுதியின் மேல்முனைக்கு ஒரு நீண்ட கோடு. அங்கிருந்து, உடலை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்பு வெளியேறிக் கழுத்தில் உள்ள மேல் நரம்புமுடிச்சுக்கு ஏறுகிறது. அதிலிருந்து புறப்படும் இழைகள் இரத்தக் குழாய்களை ஒட்டியே மறுபடி தலைக்குள் போய், பினியல் சுரப்பியைத் தொடுகின்றன. இரவில் இந்தப் பாதையின் முனையில் நார்அட்ரினலின் வெளிப்படும். பினியல், உடலுக்கு இரவை உணர்த்தும் ஹார்மோனான மெலடோனினைச் சுரக்கும். பகலில் சுப்ராகயாஸ்மாட்டிக் இந்தச் சங்கிலியை அடக்கி வைத்திருக்கும்.

தாளைப் பாருங்கள். ஹைபோதலாமஸும் பினியலும் மூளைக்குள் சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. இருந்தும் செய்தி தலையை விட்டு வெளியேறி, தண்டுவடத்தில் இறங்கி, கழுத்து வழியாகத் திரும்பி வருகிறது. வெட்டிப் பார்க்கும் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் முழுமையாக அறுபட்ட ஒருவருக்கு என்ன ஆகும்? மூளையும் கண்ணும் பினியலும் நலமாக இருந்தாலும், இரவில் மெலடோனின் கூடுவது நின்றுபோகிறது. அட்டவணையை மட்டும் படித்தவருக்கு இது புதிராக இருக்கும். பாதையை வரைந்தவருக்குக் கோட்டில் விரல் வைத்தே காரணம் சொல்ல முடியும்.

இன்னொரு வெட்டு: இரு கண்களையும் முழுமையாக இழந்தவர்கள் பலருக்கு உடற்கடிகாரம் 24 மணி நேரத்தோடு ஒட்டாமல், நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போகிறது. பார்வை போயிருந்தும் மெலனாப்சின் நியூரான்கள் பிழைத்திருப்பவர்களுக்கோ கடிகாரம் பகல் இரவோடு ஒத்துப்போகலாம். கோட்டின் தொடக்கம் எங்கே என்று தெரிந்தால் இதுவும் தானே விளங்கும்.

கீழ்நோக்கி இறங்கும் கோடு, மேல்நோக்கி ஏறும் கோடு

பாராவென்ட்ரிக்குலரிலிருந்து தண்டுவடத்துக்கு வரைந்த சிவப்புக் கோட்டை இப்போது கொஞ்சம் தடிப்பாக்குங்கள். மெலடோனினுக்காக மட்டும் அது இல்லை. பாராவென்ட்ரிக்குலர், பக்க ஹைபோதலாமஸ் முதலான இடங்களிலிருந்து புறப்படும் இழைகள் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் உள்ள வேகஸ் நரம்பின் திரள்களுக்கும், தண்டுவடத்தில் மார்புப் பகுதி முழுவதும் இடுப்புப் பகுதியின் மேல்பாகம் வரையும் உள்ள பரிவு நியூரான்களுக்கும், திருவெலும்புப் பகுதியில் உள்ள, உடலை ஓய்வுநிலைக்குக் கொண்டுவரும் எதிர்ப்பரிவு நியூரான்களுக்கும் நேரடியாகப் போகின்றன. இதயத்துடிப்பு, இரத்தக் குழாய்களின் சுருக்கம், வியர்வை, கண்மணியின் விரிவு எல்லாவற்றுக்கும் இதன் கட்டளை போய்ச் சேரும்.

அறுந்தால்? இந்த இழைகள் பெரும்பாலும் தாம் புறப்பட்ட பக்கத்திலேயே, மூளைத்தண்டின் பக்கவாட்டில் இறங்குகின்றன. முகுளத்தின் பக்கவாட்டுப் பகுதியில் இரத்தம் தடைப்பட்டால், அதே பக்கத்துக் கண்மணி சுருங்கி, மேலிமை லேசாகத் தாழ்ந்து, முகத்தில் அந்தப் பக்கம் வியர்வை குறையும். ஹார்னர் நோய்க்குறித்தொகுதி என்பது இதுதான். கண்ணில் காணும் அறிகுறிக்குக் காரணம் முகுளத்தில் இருக்கலாம், கழுத்தில் இருக்கலாம், நுரையீரலின் உச்சியில் இருக்கலாம். பாதை அத்தனை இடங்களையும் தொட்டுப் போவதால் மருத்துவர் கோடு முழுவதையும் தேட வேண்டியிருக்கிறது.

மேல்நோக்கி வருவது நீலக் கோடு. வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பான்மை உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுவருபவை. வயிற்றின் விரிவு, இரத்த அழுத்தம், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு பற்றிய தகவல்கள் முகுளத்தில் உள்ள தனிக்கற்றை நியூக்ளியஸில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து சில இழைகள் நேராகவும், சில, முகுளத்துக்கு மேலே பாலம் (பான்ஸ்) எனப்படும் மூளைத்தண்டுப் பகுதியில் உள்ள பாராபிராக்கியல் நியூக்ளியஸில் இறங்கி ஏறியும், ஹைபோதலாமஸை அடைகின்றன. இரண்டு வழிகளையும் வரைந்துவிடுங்கள். பாராபிராக்கியல் என்ற பெயர் பின்னால் வெப்பப் பாதையிலும் வரும்.

மூளைத்தண்டோடு ஹைபோதலாமஸை இணைக்கும் டார்சல் லாங்கிட்யூடினல் ஃபாசிகுலஸ் என்ற மெல்லிய கற்றையும் உண்டு. மூளையறைச் சுவரை ஒட்டிய பகுதியிலிருந்து நடுமூளையின் நீர்க்குழாயைச் சுற்றியுள்ள சாம்பல்நிறப் பகுதி வழியாக முகுளம் வரை ஓடும். இருபுறமும் செய்தி போகும். பச்சைப் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு நகரலாம்.

நினைவுக்கான வளையம்

ஃபோர்னிக்ஸை முன்பே குறித்திருக்கிறீர்கள். அது நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியிலிருந்து புறப்பட்டு, தலாமஸுக்கு மேலாக வில்போல வளைந்து, முன்னால் இறங்கி, ஹைபோதலாமஸுக்குள் நுழைந்து மாமில்லரி உடலத்தில் முடிகிறது. மாமில்லரியிலிருந்து மேலே ஏறும் கற்றை தலாமஸின் முன்பகுதிக்குப் போகிறது. இதை 18 ஆம் நூற்றாண்டிலேயே விவரித்தவர் பிரெஞ்சு உடற்கூறியலாளர் ஃபெலிக்ஸ் விக் டசீர். அவர் பெயராலும் இந்தக் கற்றையை அழைப்பதுண்டு. தலாமஸிலிருந்து பெருமூளைப் புறணியின் சிங்குலேட் மடிப்பு, அங்கிருந்து மறுபடி ஹிப்போகேம்பஸ். வளையம் மூடிவிட்டது.

1937 இல் ஜேம்ஸ் பாபெஸ் இந்த வளையத்தை உணர்ச்சிகளின் இருப்பிடமாக முன்வைத்தார். இன்று இதை முக்கியமாக நினைவோடு சேர்த்துப் பார்க்கிறோம். வெட்டிப் பாருங்கள்: தயமின், அதாவது வைட்டமின் பி1, கடுமையாகக் குறைந்தால் மாமில்லரி உடலங்கள் சேதமடைகின்றன. நீண்ட கால மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. விளைவாக வரும் கோர்சகாஃப் நோயில் புதிய நினைவுகள் பதிவதே இல்லை. பேச்சும் அறிவும் ஓரளவு இருக்கும். ஆனால் சற்று முன் நடந்தது நினைவில் இருக்காது. தலாமஸின் முன்பகுதிக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் வளையத்தின் எந்த இடத்தில் உடைந்தாலும் நினைவு தடுமாறும் என்று எதிர்பார்க்கலாம். விக் டசீர் கற்றையைத் தொடும் சிறு பக்கவாதங்களிலும் அப்படித்தான் நடக்கிறது.

அமிக்டலாவிலிருந்து இரண்டு வழிகள்

அச்சத்தை எடைபோடுவதில் அமிக்டலாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கிருந்து ஹைபோதலாமஸுக்கு ஒரு நீண்ட வழி, ஒரு குறுக்கு வழி. நீண்டது ஸ்ட்ரையா டெர்மினாலிஸ். காடேட் நியூக்ளியஸின் வளைவை ஒட்டியே சுற்றி வந்து நடு ஹைபோதலாமஸை எட்டும். குறுகியது வயிற்றுப்புற அமிக்டலா பாதை. அடியிலேயே நேராகப் பக்க ஹைபோதலாமஸுக்கு வரும். பேரொலி கேட்டதும் இதயம் வேகமாகத் துடிப்பதை வரைந்துகாட்டச் சொன்னால், அமிக்டலாவிலிருந்து ஹைபோதலாமஸுக்கும் அங்கிருந்து நீங்கள் முன்பே தடிப்பாக்கிய சிவப்புக் கோட்டுக்கும் இணைப்புக் கொடுத்தால் போதும்.

பாதுகாப்புக்கான நடத்தை முழுதும் இங்கே உருவாகிறதா என்ற கேள்விக்குச் சான்று பழையது. பூனைகளின் ஹைபோதலாமஸை மெல்லிய மின்முனையால் தூண்டி, முடி சிலிர்ப்பு, சீறல், தாக்குதல் எல்லாம் ஒழுங்கான கோவையாக வருவதைச் சூரிச்சில் வால்டர் ஹெஸ் காட்டினார். 1949 இல் நோபல் பரிசு பெற்றார். வென்ட்ரோமீடியல் நியூக்ளியஸிலிருந்து நடுமூளையின் சாம்பல்நிறப் பகுதிக்குப் போகும் கோடு இதில் முக்கியமானது.

நடு முன்மூளைக் கற்றையும் ஒரு எச்சரிக்கையும்

இப்போது பக்க ஹைபோதலாமஸுக்கு வருவோம். மூளையின் முன்புற அடிப்பகுதியிலிருந்து நடுமூளை வரை, பக்க ஹைபோதலாமஸை ஊடுருவிக்கொண்டு ஓடுவது நடு முன்மூளைக் கற்றை. பல ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகும் நெடுஞ்சாலை மாதிரி இது: சில வண்டிகள் நடுவில் ஏறி நடுவிலேயே இறங்கும், சில எங்கும் நிற்காமல் கடந்துபோகும். டோபமைன், செரடோனின், நார்அட்ரினலின் இழைகள் இதன் வழியே மேலே ஏறுகின்றன. ஹைபோதலாமஸின் கட்டளைகள் கீழே இறங்குகின்றன. 1954 இல் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் மூளைக்குள் மின்முனை பொருத்திய எலிகள், அந்தத் தூண்டலைப் பெறுவதற்காகத் தாமாகவே திரும்பத் திரும்ப நெம்புகோலை அழுத்துவதைக் கண்டார்கள். இந்தக் கற்றை ஓடும் தடத்தில் அந்த விளைவு மிக வலுவாக இருப்பது பிறகு தெரிந்தது.

எச்சரிக்கை இதுதான். ஓர் இடத்தைத் தூண்டினாலோ அழித்தாலோ, அங்கே குடியிருக்கும் நியூரான்களையும் அங்கே கடந்துபோகும் இழைகளையும் சேர்த்தே தொடுகிறீர்கள். 1951 இல் பி. கே. ஆனந்தும் ஜான் பிரோபெக்கும் எலிகளின் பக்க ஹைபோதலாமஸை இரு பக்கமும் அழித்தபோது அவை உண்பதையே நிறுத்தின. அந்த இடத்துக்குப் பசி மையம் என்ற பெயர் நிலைத்தது. 1970களில் வேறொரு செய்தி வந்தது: டோபமைன் இழைகளை மட்டும் வேதிப்பொருளால் அழித்தாலும் எலிகள் உண்பதை நிறுத்துகின்றன. அந்த இழைகள் நடுமூளையிலிருந்து மேலே போகும் வழியில் பக்க ஹைபோதலாமஸைக் கடக்கின்றன. அதாவது, முதல் சோதனையின் விளைவில் ஒரு பங்கு வழிப்போக்கர்களுடையது. இழைகளை விட்டுவிட்டு நியூரான்களை மட்டும் கொல்லும் வேதிப்பொருள்கள் வந்தபின், அங்கே குடியிருக்கும் நியூரான்களுக்கும் உண்பதில் உண்மையான பங்கு உண்டு என்பது தனியாக உறுதிப்பட்டது. பழைய கண்டுபிடிப்பு பொய்யாகவில்லை, கணக்கு நேரானது. பாடநூலில் எங்கேனும் மையம் என்ற சொல்லைப் பார்த்தால், அதை எப்படிக் கண்டார்கள் என்று கேட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். இந்தப் பழக்கம் ஒன்றே உங்களைப் பல குழப்பங்களிலிருந்து காப்பாற்றும்.

பிட்யூட்டரிக்கு இரண்டு வேறு வகைத் தொடர்புகள்

புதியவர்கள் மிக அதிகமாகக் குழம்பும் இடம் இது என்பது என் கணிப்பு. பிட்யூட்டரியின் பின்மடலுக்கு நரம்பிழையே நேரடியாகப் போகிறது. சுப்ராஆப்டிக், பாராவென்ட்ரிக்குலர் இரண்டிலும் உள்ள பெரிய நியூரான்கள் வாசோபிரசின், ஆக்சிடோசின் என்ற ஹார்மோன்களைத் தயாரித்து, காம்பு வழியாகத் தம் இழைகளுக்குள்ளேயே பின்மடலுக்கு அனுப்பி, அங்கே இரத்தத்தில் விடுகின்றன. முன்மடலுக்கு அப்படி நரம்பு போவதில்லை. ஆர்க்குவேட் முதலிய இடங்களின் சிறு நியூரான்கள் காம்பின் தொடக்கத்தில் உள்ள மீடியன் எமினென்ஸ் என்ற இடத்தோடு நின்றுவிடும். அங்கே அவை விடும் வேதிப்பொருள்களைச் சிறு இரத்தக் குழாய்களின் வலை முன்மடலுக்கு எடுத்துச்செல்லும். தாளில் பின்மடல் வரை முழுக்கோடும், முன்மடலுக்குப் பாதிக்கோடும் அதன்பின் புள்ளிக்கோடும் போடுங்கள். இந்த இரத்தவழித் தூதுப் பொருள்களைப் பிரித்தெடுத்து அறிந்ததற்காக ரோஜர் கில்லமின், ஆண்ட்ரூ ஷாலி இருவரும் 1977 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

காம்பை வெட்டுங்கள். முன்மடலின் ஹார்மோன்கள் ஒவ்வொன்றாகக் குறையும், ஒன்றைத் தவிர. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் மட்டும் கூடும். காரணம், மற்றவற்றை ஹைபோதலாமஸ் தூண்டுகிறது. புரோலாக்டினை ஆர்க்குவேட்டின் டோபமைன் அடக்கி வைத்திருக்கிறது. டோபமைனைத் தடுக்கும் மனநோய் மருந்துகள் சிலவற்றை எடுத்துக்கொள்பவர்களுக்குப் புரோலாக்டின் கூடுவதும் இதே காரணத்தால்தான்.

தூக்கமும் விழிப்பும்

ஹைபோதலாமஸ் பெருமூளைப் புறணியோடு பேசும் விதத்தைத் தெரிந்துகொள்ள இதுவே நல்ல வழி. முதல் துப்பு நோயாளிகளிடமிருந்து வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் பரவிய ஒரு மூளை அழற்சியில், பெரும்பாலானவர்கள் ஓயாமல் தூங்கினார்கள். சிலர் தூங்கவே முடியாமல் தவித்தார்கள். வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபான் எகனாமோ மூளைகளை ஆராய்ந்து, ஓயாமல் தூங்கியவர்களுக்குப் பாதிப்பு பின் ஹைபோதலாமஸும் நடுமூளையும் சேரும் இடத்திலும், தூங்காதவர்களுக்கு முன் ஹைபோதலாமஸிலும் இருப்பதைக் கண்டார். நுண்ணோக்கியையும் நோயாளியின் கதையையும் மட்டும் வைத்து அவர் இவ்வளவு தூரம் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

பிற்கால ஆய்வுகள் அவர் சொன்ன இடங்களிலேயே பாதைகளைக் கண்டன. முன்னால் பிரிஆப்டிக் பகுதியின் கீழ்ப்பக்கவாட்டில் உள்ள நியூரான்கள் பின்னால் உள்ள விழிப்பு நியூரான்களை அடக்கும் இழைகளை அனுப்புகின்றன: ட்யூபரோமாமில்லரியின் ஹிஸ்டமின், மூளைத்தண்டின் நார்அட்ரினலின், செரடோனின் நியூரான்கள். நாம் விழித்திருக்கும்போது இந்த விழிப்பு நியூரான்கள் புறணி முழுவதற்கும் இழைகளை அனுப்பி அதைத் தயார் நிலையில் வைப்பதோடு, தூக்க நியூரான்களையும் பதிலுக்கு அடக்குகின்றன. ஒன்றையொன்று அடக்குவதால் நடுநிலை இல்லை. விழிப்பு அல்லது தூக்கம், மாற்றம் சட்டென்று நடக்கும்.

இந்த நிலையைத் தள்ளாடாமல் பிடித்து வைப்பது பக்க ஹைபோதலாமஸின் ஓரெக்சின் நியூரான்கள். மனித மூளையில் இவை சுமார் 70,000 தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விழிப்பு நியூரான்கள் அனைத்துக்கும் இவற்றின் இழைகள் போகின்றன. ஓரெக்சின் கண்டுபிடிக்கப்பட்டது 1998 இல். நார்கொலெப்சியின் முதல் வகையில் இந்த நியூரான்கள் பெரும்பாலும் அழிந்திருப்பதும் அடுத்த இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. இந்த நோயில் பகலில் திடீரென்று தூக்கம் வரும். சிரித்தால் தசைகள் தளரும். ஹிஸ்டமின் கோட்டை வரைந்தவர்களுக்கு இன்னொன்றும் விளங்கும்: மூளைக்குள் நுழையும் பழைய ஒவ்வாமை மாத்திரைகள் ஏன் தூக்கத்தைத் தருகின்றன என்பது.

இப்போது நீங்களே ஒரு நிகழ்வைத் தொடருங்கள்

காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். தொற்று ஏற்பட்டதும் உடலில் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள் உருவாகி, பிரிஆப்டிக் பகுதியின் நியூரான்களை எட்டுகிறது. சாதாரணமாக இந்த நியூரான்கள் டார்சோமீடியலையும் முகுளத்தின் ரஃபே பகுதியையும் அடக்கி, உடலின் வெப்ப உற்பத்தியைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. புரோஸ்டாகிளாண்டின் அந்த அடக்குதலைத் தளர்த்துகிறது. கீழே ரஃபேயிலிருந்து தண்டுவடத்துக்குக் கட்டளை போகிறது: தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கட்டும், தசைகள் நடுங்கட்டும். கைகால் சில்லிட்டுக் குளிர் நடுக்கம் வருவதும் உள்ளே வெப்பம் ஏறுவதும் ஒரே கட்டளையின் இரு பக்கங்கள். தோலின் வெப்பநிலைச் செய்தி பாராபிராக்கியல் வழியாகப் பிரிஆப்டிக்குக்கு வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்பதை 1971 இல் ஜான் வேன் காட்டினார். மாத்திரை எந்தக் கோட்டின் எந்த முனையில் வேலை செய்கிறது என்று தாளில் குறியுங்கள்.

அடுத்து ஆக்சிடோசின். குழந்தை பால் உறிஞ்சும்போது மார்புக்காம்பின் நரம்புகள் தண்டுவடத்துக்கும், அங்கிருந்து மூளைத்தண்டு வழியாகப் பாராவென்ட்ரிக்குலர், சுப்ராஆப்டிக் நியூரான்களுக்கும் செய்தி அனுப்புகின்றன. திரும்பும் வழியில் நரம்பு பின்மடலோடு முடிந்து, மீதித் தூரம் இரத்தத்தில் நடக்கிறது. குழந்தையின் அழுகுரல் கேட்டாலே சில தாய்மார்களுக்குப் பால் கசிவது ஏன் என்று யோசியுங்கள். எந்த நீலக் கோடு கூடுதலாக வேண்டும்?

பசியை நீங்களே வரையலாம். ஒரு குறிப்பு மட்டும்: 1994 இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புத் திசுவிலிருந்து இரத்தம் வழியாக ஆர்க்குவேட்டுக்கு வருகிறது. அங்கே பசியைத் தூண்டும் நியூரான்களும் அடக்கும் நியூரான்களும் அருகருகே இருக்கின்றன. இரண்டும் பாராவென்ட்ரிக்குலரில் போய்ப் போட்டியிடுகின்றன.

படங்களைப் பார்க்கத் தொடங்கும்போது

கைவரைபடம் ஓரளவு நிரம்பிய பிறகே அட்லஸ்களுக்குப் போங்கள். எலி மூளையின் இணைப்புகளுக்கு, சியாட்டிலில் உள்ள ஆலன் நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கும் அட்லஸ் மிகச் சிறந்தது. ஏதாவது ஒரு நியூக்ளியஸைத் தேர்ந்தெடுத்தால் அதிலிருந்து புறப்படும் இழைகள் எங்கெல்லாம் போகின்றன என்று பார்க்கலாம். அங்கே ஒளிரும் வைரஸ் ஒன்றை நியூரான்களில் செலுத்தி, இழையின் கடைசி முனைவரை படம் எடுத்திருக்கிறார்கள். ஆகவே திசை நம்பத்தக்கது.

மனித மூளையில் அப்படிச் செய்ய முடியாது. டிஃப்யூஷன் எம்ஆர்ஐ, நீர் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் எளிதாக நகர்கின்றன என்று அளந்து கற்றைகளை ஊகிக்கிறது. ஃபோர்னிக்ஸ், விக் டசீர் கற்றை போன்ற தடித்தவை அதில் நன்றாகவே தெரியும். மெல்லிய, சிதறிய இழைகள் தெரியாமல் போகலாம். செய்தி எந்தத் திசையில் போகிறது என்பதை அது ஒருபோதும் சொல்லாது. அந்த வண்ணப் படங்களைப் பார்த்து அம்புக்குறி போடாதீர்கள். மனித மூளை குறித்து நீங்கள் வரையும் கோடுகளில் எது விலங்குகளில் கண்டது, எது மனிதரில் உறுதியானது என்று ஓரத்தில் குறித்துவைப்பது நல்லது.

கடைசியாக, தாளை மடித்து வைக்கும் முன் ஒரு வெட்டு. வாசோபிரசின் இல்லாவிட்டால் சிறுநீரகம் நீரைத் தக்கவைக்க முடியாது. நாளெல்லாம் தாகமும் சிறுநீருமாக இருக்கும். பிட்யூட்டரிக் காம்பு கீழே, சுரப்பிக்கு அருகில் அறுந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தற்காலிகமானது. மேலே, ஹைபோதலாமஸுக்கு அருகில் அறுந்தால் நிரந்தரமாகிவிடுகிறது. அறுந்தது ஒரே காம்புதான். கீழே அறுந்தால் இழையின் பெரும்பகுதி மிஞ்சுகிறது. நியூரான் பிழைத்து, அறுந்த முனையிலிருந்தே இரத்தத்தில் ஹார்மோனை விடப் பழகிக்கொள்கிறது. மேலே அறுந்தால் காயம் நியூரானின் உடலுக்கு மிக அருகில் வருவதால், பாதிப்பு பின்னோக்கி ஏறி சுப்ராஆப்டிக், பாராவென்ட்ரிக்குலர் நியூரான்களில் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன.